கடல் கடந்த தொண்டும் மக்கள் தமிழும்: மானிப்பாய் முதல் சிராங்கூன் சாலை வரை

முன்னுரை

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போது சிங்கப்பூர்க் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் குழுக்கள் வெளிநாட்டுத் தொண்டூழியப் பயணத்திற்கு ஆயத்தமாவதைக் காண்கிறோம். நிதி திரட்டுகின்றனர், மருந்துப் பெட்டிகளையும் சவர்க்காரக் கட்டிகளையும் சேகரிக்கின்றனர், செல்லவிருக்கும் கிராமத்தைப் பற்றிப் படிக்கின்றனர். தமிழகத்திற்கோ இலங்கைக்கோ செல்லும் குழுவில் தமிழ் மாணவர் இருப்பின், மொழிச்சிக்கல் எழாது என எல்லாரும் கருதுகின்றனர். இக்கருத்து எந்த அளவிற்குச் சரியானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டது ஒரு சிறு நிகழ்வு. சில ஆண்டுகளுக்கு முன்பு மாணவர் குழு ஒன்றுடன் தமிழகத்தின் காவிரிக் கழிமுகப் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைப் பற்றித் தாய்மார்களிடம் பேசும் பொறுப்பு ஒரு மாணவிக்குத் தரப்பட்டிருந்தது. அவர் எழுதி வைத்திருந்த அட்டையைப் படித்தார்: “வயிற்றுப்போக்கினால் உடலில் நீரிழப்பு ஏற்படும்போது வாய்வழி நீரேற்றக் கரைசலை அருந்தச் செய்தல் இன்றியமையாதது.” பெண்கள் அனைவரும் தலையசைத்தனர். கூட்டம் கலைந்தபின் மூதாட்டி ஒருவர் என்னருகே வந்து, “ஏம்மா, அந்தப் பொண்ணு என்னமோ கரைசல் குடுக்கச் சொல்லுச்சே, அது எந்தக் கடையில விக்குது?” என்று கேட்டார். நான் விடை தேடுவதற்குள், பக்கத்திலிருந்த கிராமச் செவிலியர், “ஆத்தா, அங்கன்வாடியில நாம குடுக்குற உப்பு சர்க்கரப் பொட்டலந்தான்” என்றார். “அத அப்படியே சொல்லக்கூடாதா?” என்றார் மூதாட்டி.

அந்த மாணவியின் முதற்படியில் அது அப்படியேதான் எழுதப்பட்டிருந்தது. தம் பாட்டியிடம் கேட்டு, ‘பேதியானால் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். ‘பேதி’ பொது மேடைக்கு ஏற்ற சொல்லன்று எனவும், ‘உப்பு சர்க்கரைத் தண்ணீர்’ அறிவியல் நடையன்று எனவும் கருதிச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியவள் நான். மாணவியின் தமிழில் குறையில்லை. எந்தத் தமிழ் எவ்விடத்தில் பயன்படும் என்பதை ஆசிரியையாகிய நானே அறிந்திருக்கவில்லை. இக்கட்டுரை அத்திருத்தத்தை மீண்டும் திருத்தும் முயற்சி எனலாம்.

தொண்டூழியப் பயணங்களின் பின்னணி

வெளிநாடு சென்று ஊரக வளர்ச்சிக்கும் பொதுச் சுகாதாரத்திற்கும் உழைக்கும் அமைப்புகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பெருகின. பிரிட்டனின் வெளிநாட்டுத் தொண்டூழிய அமைப்பு 1958இல் தோன்றியது. அமெரிக்க அமைதிப்படை 1961இல் நிறுவப்பட்டு, மறு ஆண்டே மலாயாவிற்கும் தொண்டர்களை அனுப்பியது. இந்தியாவிலும் அது 1961 முதல் 1976 வரை செயற்பட்டது. அதன் தொண்டர்கள் பொதுவாக ஈராண்டுக் காலம் ஓரிடத்தில் தங்கிப் பணியாற்றுவர். பணி தொடங்குமுன் பல வாரங்கள் அந்நாட்டு மொழியைப் பயில்வர்.

சிங்கப்பூரில் இம்முயற்சி 1991இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனத்தின் வழியாக அமைப்பு வடிவம் பெற்றது. 2000இல் தொடங்கப்பட்ட இளையர் பயணத் திட்டம் மாணவர்களையும் இளையர்களையும் பெருமளவில் இதில் ஈடுபடுத்தியது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் அயலாரின் துயரைத் தம் துயராகக் கருதும் உணர்வு சிங்கப்பூர் மக்களிடையே வலுப்பெற்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர் என்னும் செய்தி இங்குள்ள தமிழ்க் குடும்பங்களை உலுக்கியது. கொவிட்-19 கிருமித்தொற்றால் 2020இல் நின்றுபோன பயணங்கள் பின்னர் மீண்டும் தொடங்கியுள்ளன.

எனினும் அமைதிப்படையினரின் ஈராண்டுப் பணிக்கும் நம் மாணவரின் ஈரிரு வாரப் பணிக்கும் வேறுபாடு பெரிது. கால அளவு குறையக் குறைய மொழியின் பொறுப்பு கூடுகிறது. நீண்ட நாள் தங்குபவர் தம் பிழையைத் தாமே கண்டு திருத்திக்கொள்ள வாய்ப்புண்டு. இரண்டு வாரத்தில் திரும்புபவர், தாம் சொன்னது விளங்கவில்லை என்பதையே அறியாமல் திரும்பக்கூடும்.

இதனை மிகக் கடுமையாகச் சுட்டியவர் இவான் இல்லிச். 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில், அந்நாட்டுச் சிற்றூர்களில் தொண்டு செய்ய வந்த வட அமெரிக்க மாணவர் முன்னிலையில் அவர் ஆற்றிய உரை பெயர் பெற்றது. நல்லெண்ணம் மட்டும் போதாது. யாருக்கு உதவ வந்தீர்களோ அவர்களுடைய மொழியைக்கூட நீங்கள் அறியீர்கள். ஆதலால் நீங்கள் செய்யும் தீங்கை அவர்கள் உங்களிடம் எடுத்துரைக்கவும் இயலாது என்பது அவர் வாதத்தின் சாரம். தொண்டர்கள் வரவே வேண்டாம் என்னும் அவரது முடிவை முழுவதும் ஏற்க வேண்டியதில்லை. அவர் எழுப்பிய மொழி பற்றிய வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. அவ்வினாவிற்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்பே செயலால் விடையளித்த ஒருவர் தமிழ் மண்ணில் வாழ்ந்திருக்கிறார்.

மானிப்பாயில் கிறீன்

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டில்தான். மருத்துவம் பயின்ற கிறீன், அமெரிக்க இலங்கை மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். அவருக்கு முன்னரே, 1820இல், ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்க மருத்துவர் பண்டத்தரிப்பில் பணி தொடங்கியிருந்தார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் இவருடைய பேர்த்தியாவார். கடல் கடந்து வந்து தமிழ்ச் சிற்றூர்களில் செய்யப்பட்ட நவீன மருத்துவத் தொண்டின் வரலாறு யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது என்பது இதனால் விளங்கும்.

கிறீன் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்ததோடு அமையவில்லை. அந்நாளில் யாழ்ப்பாணத்தை வாந்திபேதி மீண்டும் மீண்டும் தாக்கியது. ஒரு வெளிநாட்டு மருத்துவர் எத்துணை உழைத்தாலும் ஒரு தீபகற்பத்தின் மக்களுக்குப் போதார் என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். ஆகவே உள்ளூர் இளைஞர்களைத் தெரிந்தெடுத்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கில வழியிலேயே கற்பித்தார். 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பிய பின்னர் அவர் எடுத்த முடிவே நம் கவனத்திற்கு உரியது. 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழ் வழிக்கு மாற்றினார். 1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுச் செல்லும்போது, அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழப் பாதியினர் தமிழிலேயே மருத்துவம் பயின்றவர்கள்.

இம்மாற்றத்திற்கான காரணம் எளிது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர் அரசு வேலையையும் நகரத்தையும் நாடிச் செல்வர். தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்கு மருத்துவம் பார்ப்பர் என்பது கிறீனின் கணிப்பு. உடையிலும் உணவிலும் தம் மாணவர்கள் ஐரோப்பியராக மாற வேண்டியதில்லை என்பதும் அவர் கருத்து. அவர் சமயப் பரப்புநராகவும் வந்தவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவர் வந்த மிஷனின் மதமாற்ற முயற்சிகளை எதிர்த்தே நாவலரின் இயக்கம் வளர்ந்தது. அந்த வரலாற்றுப் பூசலை ஏற்றுக்கொண்டே, மொழி வகையில் கிறீன் மேற்கொண்ட நெறியைத் தனியே நோக்கலாம்.

நூற்பெயர்கள் காட்டும் நெறி

தமிழில் கற்பிக்கப் பாடநூல்கள் வேண்டும். கிறீன் தம் மாணவர்களோடு சேர்ந்து மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பணியில் சில நூல்களின் பெயர்கள் வருமாறு: ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’, ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘வைத்தியாகரம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875), ‘இந்து பதார்த்த சாரம்’. தனியே சொற்றொகுதிகளையும் அவர் அச்சிட்டார்.

இப்பெயர்களைச் சற்று உற்று நோக்கினால் மூன்று வகை தென்படும். முதலாவது, மக்கள் நாவில் ஏற்கெனவே வழங்கிய சொற்களைக் கொண்டவை. ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’ என்பவை அத்தகையன. பிரசவமும் இரணமும் எந்தக் கிராமத்தாருக்கும் விளக்கம் வேண்டாத சொற்கள். அறுவை மருத்துவத்தை ‘இரண வைத்தியம்’ என்றபோது, அத்துறை நோயாளியின் புண்ணிலிருந்து பெயர் பெற்றது.

இரண்டாவது, மரபிலிருந்து எடுத்து ஆக்கப்பட்டவை. ‘அங்காதிபாதம்’ உடற்கூற்றியலைக் குறிக்கும். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் இலக்கிய வழக்குகளை அறிந்த தமிழ்ச் செவிக்கு அச்சொல் அந்நியமாக ஒலித்திராது. ‘சுகரணம்’ உடலியங்கியலைக் குறித்தது. கரணம் என்பது உறுப்பு, கருவி எனப் பொருள்படும்.

மூன்றாவது, தமிழிலோ வடமொழியிலோ தக்க சொல் கிட்டாதபோது அயற்சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப ஏற்றுக்கொண்டவை. ‘கெமிஸ்தம்’ அதற்குச் சான்று. ஆங்கிலச் சொல்லின் ஈற்றை மாற்றி ‘அம்’ ஈறு கொடுத்ததால், அது தமிழ்ப் பெயர்ச்சொற்களோடு சேர்ந்து வேற்றுமை உருபுகளை ஏற்று நடக்கலாயிற்று.

இச்சொற்களில் பல நிலைக்கவில்லை. ‘கெமிஸ்தம்’ இன்று தமிழகத்தில் வேதியியல் எனவும், இலங்கையில் இரசாயனவியல் எனவும் வழங்குகிறது. ‘உற்பாலனம்’ அறவே மறைந்து ‘சுகாதாரம்’ நிலைத்தது. ஆனால் நெறி மறையவில்லை. தெரிந்த சொல் இருந்தால் அதைக் கொள்க, இல்லையேல் ஆக்குக, அதுவும் இயலாவிடில் கடன் பெறுக என்னும் வரிசைமுறை இன்றைய கலைச்சொல்லாக்கத்திற்கும் பொருந்துவதே. நாம் பெரும்பாலும் முதற்படியைத் தாண்டி இரண்டாம் படியிலேயே தொடங்கிவிடுகிறோம். ‘உப்பு சர்க்கரைத் தண்ணீர்’ கையிலிருக்க ‘வாய்வழி நீரேற்றக் கரைசல்’ தேடிச் சென்ற என் திருத்தம் இதற்கு எடுத்துக்காட்டு.

கிறீன் பணியின் எல்லை

கிறீனின் முயற்சியை வெற்றிக் கதையாக மட்டும் கூறுதல் நேர்மையாகாது. அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரி ஆங்கில வழியில் நடந்தது. அரசுப் பணிக்கு வழி அதுவே. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஆங்கிலம் கற்று அலுவலகப் பணிகளையும் மருத்துவமனைப் பணிகளையும் நாடிக் கொழும்புக்கும், பின்னர் மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். சிங்கப்பூரின் இலங்கைத் தமிழர் சமூகம் உருவானதன் பின்னணியில் இவ்வாங்கிலக் கல்வி நிற்கிறது. தமிழில் மருத்துவம் கற்றவர் ஊரில் தங்குவார் என்று கிறீன் கணித்ததன் மறுபக்கத்தை, ஆங்கிலம் கற்றவர் கடல் கடந்ததில் காண்கிறோம்.

எனினும் எஞ்சியவை சில உண்டு. அவரிடம் பயின்றவர்கள் யாழ்ப்பாணத்து ஊர்களில் மருத்துவம் செய்தனர். மானிப்பாயில் அவர் பெயரால் ஒரு மருத்துவமனை உள்ளது. ஈழத்துக் கவிஞர் அம்பி அவரைப் பற்றி நூல் எழுதி, மறக்கப்பட்டிருந்த ஒருவரைத் தமிழுலகிற்கு மீண்டும் அறிமுகப்படுத்தினார். தொண்டர் ஊர் திரும்பியபின் அவ்வூரில் எஞ்சுவது, உள்ளூர் மக்களின் மொழியில் உள்ளூர் மனிதரிடம் விட்டுச்சென்ற அறிவே என்பதைக் கிறீனின் வரலாறு காட்டுகிறது. அந்த அறிவைத் தாங்க அரசும் கல்வி அமைப்பும் முன்வராவிடில் அது தேயும் என்பதையும் அதுவே காட்டுகிறது.

வீட்டுச் சொல்லும் உயிர் காப்பும்: பங்களாதேஷ் தரும் பாடம்

மொழியைப் பொதுச் சுகாதாரத்தின் கருவியாகக் கொண்டதற்கு இருபதாம் நூற்றாண்டிலிருந்து ஒரு சான்றைக் காண்போம். 1971இல் பங்களாதேஷ் விடுதலைப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் இருந்த அகதி முகாமொன்றில் வாந்திபேதி பரவியது. நரம்பு வழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். முப்பது விழுக்காட்டளவில் இருந்த இறப்பு, அம்முறையால் நான்கு விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது.

ஆய்வு முடிவை வீடுகளுக்குக் கொண்டுசெல்வது அடுத்த பணி. ‘பிராக்’ என்னும் பங்களாதேஷ் அமைப்பு 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் குடும்பங்களுக்கு இதனைக் கற்பித்தது. அவ்வமைப்பின் பெண் ஊழியர்கள் கிராம், லிட்டர் என்னும் அளவைகளைப் பயன்படுத்தவில்லை. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று கற்பித்தனர். தாய்மார்கள் எந்த அளவிற்கு நினைவில் வைத்திருந்தனர், எவ்வளவு சரியாகக் கலக்கினர் என்பதைப் பின்னர்ச் சென்று சோதித்து, அதற்கேற்பவே ஊழியர்களுக்கு ஊதியம் வழங்கப்பட்டது. கற்பித்தவரின் பேச்சை அளக்காமல் கேட்டவரின் புரிதலை அளந்த முறை இது.

அவ்வாறிருந்தும் ஒரு தடை தோன்றியது. தாய்மார்கள் கரைசலைச் சரியாகச் செய்யத் தெரிந்திருந்தும் பல நேரங்களில் அதனைப் பயன்படுத்தவில்லை. காரணம் தேடியபோது மொழிச்சிக்கல் வெளிப்பட்டது. மருத்துவம் ஒரே பெயரால் சுட்டும் நோயை அவ்வூர் மக்கள் ‘தூத் ஹாகா’, ‘அஜீர்ணோ’, ‘ஆமாஷா’, ‘டாய்ரியா’ என நான்காகப் பகுத்திருந்தனர். ஊழியர்கள் ‘டாய்ரியா’விற்கு மருந்து என்று சொன்னதால், கடுமையான அந்நான்காம் வகைக்கு மட்டுமே பெரும்பாலோர் அதனைக் கொடுத்தனர். ஏனைய மூன்று வகைகளில் குழந்தைகள் கரைசலின்றித் துன்புற்றன. 1988இல் வெளியான ஆய்வொன்று இதனை விளக்கியுள்ளது. ஒரு சொல் விளங்குகிறதா என்று பார்த்தல் போதாது. கேட்பவர் மனத்தில் அச்சொல் எதனைச் சுட்டுகிறது என்றும் அறிதல் வேண்டும்.

ஒரே நோய், பல சொற்கள்

இக்கோணத்தில் தமிழை நோக்கும்போது, ‘நாங்கள் தமிழர், எங்களுக்கு மொழிச்சிக்கல் இல்லை’ என்னும் நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் ‘எனக்கு வருத்தம்’ என்றால் அவர் நோயுற்றிருக்கிறார் என்பது பொருள். சிங்கப்பூர் மாணவரோ அவர் கவலையில் இருப்பதாகக் கருதி ஆறுதல் கூறக்கூடும். தமிழகத்துத் தலைவலி அங்கே ‘தலையிடி’, சளி பிடித்தல் ‘தடிமன்’, வாந்தி ‘சத்தி’, வயிற்றுப்போக்கு ‘வயிற்றோட்டம்’, தட்டம்மை ‘சின்னமுத்து’. கொசுவை ‘நுளம்பு’ என்பர். டெங்கிக் காய்ச்சலைப் பற்றி விளக்கச் செல்லும் மாணவர் ‘நுளம்பு’ என்னும் சொல்லை அறியாமல் சென்றால், கூட்டத்தில் எழும் முதல் வினாவிலேயே தடுமாறுவார். கழிப்பறையை இலங்கையில் ‘மலசலகூடம்’ என எழுதுவதும் அவ்வாறே.

தமிழகச் சிற்றூர்களிலும் நுட்பமான வழக்குகள் உள்ளன. ‘சூடு பிடிச்சிருக்கு’ என்றால் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்று பொருள். குழந்தைக்கு ‘மாந்தம்’ என்றும் ‘சீர் தட்டியிருக்கு’ என்றும் சொல்லப்படுவனவற்றில் வயிற்றுப்போக்கும் அடங்கியிருக்கலாம். அவ்வாறாயின் பங்களாதேஷில் நேர்ந்தது இங்கும் நேரலாம். வயிற்றுப்போக்கிற்கான அறிவுரையைக் கேட்டுத் தலையசைத்த தாய், தம் குழந்தைக்கு வந்திருப்பது மாந்தம் என்று நம்பினால் அந்த அறிவுரையைப் பயன்படுத்தமாட்டார்.

விளிச்சொற்களும் இங்குக் கருதத்தக்கவை. சிங்கப்பூரில் வயதில் மூத்தவரை ‘ஆண்ட்டி’, ‘அங்கிள்’ என அழைத்துப் பழகியவர் நம் மாணவர். ஒரு சிற்றூரில் யாரை அக்கா என்பது, யாரை ஆத்தா என்பது, யாரை ஐயா என்பது என்னும் தெளிவு, பேச்சு தொடங்குமுன்னரே தொண்டருக்கும் ஊராருக்கும் இடையிலான தொலைவைத் தீர்மானிக்கிறது.

மேலும், செல்லும் ஊர் வெற்றிடம் அன்று என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். இந்தியாவிலேயே முதன்முதலில் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனிச் சட்டம் கண்டது சென்னை மாகாணம், ஆண்டு 1939. ஆரம்பச் சுகாதார நிலையம், கிராமச் சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி என ஒரு பின்னல் ஊர்தோறும் உள்ளது. 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கான மருந்துகளை வீட்டிற்கே கொண்டுசெல்கிறது. நம் மாணவர் அங்கே ஆசிரியராகச் செல்வதைவிட, அச்செவிலியரின் உதவியாளராகச் செல்வதே பொருந்தும். அன்று மூதாட்டிக்கு விடை சொன்னவரும் அத்தகைய செவிலியரே.

தேக்காவில் ஒரு முன்பயிற்சி

கிராமத்தின் தமிழைக் கேட்கச் சிங்கப்பூர் மாணவர் விமானம் ஏற வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் நடந்தாலே தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரங்களின் பேச்சு காதில் விழும். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் பேச்சு அது. காயமுற்றும் ஊதியச் சிக்கலிலும் வேலையிழந்து நிற்கும் ஊழியர்களுக்கு உணவளிக்கும் திட்டம் ஒன்று 2008இல் லிட்டில் இந்தியாவின் கஃப் சாலையில் தொடங்கப்பட்டது. ‘ஹெல்த்சர்வ்’ என்னும் அமைப்பு 2006 முதல் இவ்வூழியர்களின் மருத்துவத் தேவையைக் கவனித்து வருகிறது.

2020ஆம் ஆண்டு இதன் முக்கியத்துவத்தை உணர்த்தியது. தங்கும் விடுதிகளில் வாழ்ந்த 3 இலட்சத்திற்கு மேற்பட்ட ஊழியர்களில் அவ்வாண்டில் மட்டும் 54,000க்கு மேற்பட்டோருக்குத் தொற்று உறுதிப்படுத்தப்பட்டது. மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் இடையே தமிழும் வங்காளமும் தெரிந்த தொண்டூழியர்கள் தேவைப்பட்டனர். நாம் செய்திகளில் ‘கிருமித்தொற்று’ என எழுதினோம். ஊழியர்கள் ‘கொரோனா’ என்றனர். நாம் ‘சுவாசச் சிரமம்’ என்றோம். அவர்கள் ‘மூச்சு வாங்குது’, ‘நெஞ்சு அடைக்குது’ என்றனர். அவ்வேளையில் உதவியது இரு தரப்புச் சொற்களையும் அறிந்தவரின் தமிழே. வெளிநாட்டுக் கிராமத்திற்குத் தொண்டு செய்யப் புறப்படும் மாணவர், அக்கிராமத்து மைந்தரிடம் இங்கேயே சில மாதங்கள் பழகிப் பேசலாம். அவரைப் பாடப்பொருளாக நடத்தாமல், அவர் தேவைக்கு உதவும் தொண்டோடு இணைந்ததாக அப்பழக்கம் அமைதல் வேண்டும்.

தமிழாசிரியர் பங்கு

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியும் பேசும் சிங்கப்பூர் இந்தியர் 59 விழுக்காட்டினர். 2010இல் இது 42 விழுக்காட்டளவில் இருந்தது. ஆதலால் பல மாணவருக்குத் தமிழ் என்பது வகுப்பறைத் தமிழே. தாத்தா பாட்டியரின் சொற்கள் ஒரு தலைமுறையில் மறையும் நிலையில் உள்ளன. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையின் பயன் தேர்வுக்கு அப்பாலும் விரிய, தொண்டூழியப் பயணம் நல்வாய்ப்பாகும். ஆசிரியர்கள் கருதத்தக்கவை சில:

முதலாவது, பயணக்குழுவின் ஆயத்தப் பணியில் தமிழாசிரியரும் இடம்பெறல் வேண்டும். நோய், உடலுறுப்பு, உணவு, தண்ணீர், கழிப்பிடம் ஆகியவற்றுக்கான சொற்களை எழுத்து வழக்கு, தமிழக வழக்கு, யாழ்ப்பாண வழக்கு என மூன்று பத்திகளில் மாணவரே தொகுக்கச் செய்யலாம். வீட்டு முதியோரே இதற்கு முதற் சான்றாளர்.

இரண்டாவது, செல்லவிருக்கும் ஊரின் செவிலியருடனோ அங்கன்வாடிப் பணியாளருடனோ முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, அட்டைகளையும் சுவரொட்டிகளையும் அவரிடம் படித்துக் காட்டித் திருத்துதல் நன்று. அத்திருத்தமே இறுதித் திருத்தம்.

மூன்றாவது, பேசி முடித்தபின் ‘விளங்கியதா?’ என்று கேட்பதை விடுத்து, ‘வீட்டில் போய் எப்படிச் செய்வீர்கள், சொல்லுங்கள் அக்கா’ என்று கேட்கப் பழக்குதல் வேண்டும். தலையசைப்பு மரியாதையின் அடையாளம். புரிதலின் சான்று அன்று.

நான்காவது, திரும்பும்போது தொகுப்பையும் அட்டைகளையும் உள்ளூர்ப் பணியாளரிடம் ஒப்படைத்து, அங்குக் கேட்ட புதுச் சொற்களைக் குறித்து வந்து அடுத்த குழுவிற்கு வழங்குதல் வேண்டும். ஆண்டுதோறும் வேறு வேறு ஊர்களைத் தேடுவதினும் ஒரே ஊருக்கு மீண்டும் செல்லுதல் இதற்கு உதவும்.

எழுத்துத் தமிழின் தகுதி இதனால் குறைந்துவிடுமோ என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். இக்கட்டுரையே எழுத்துத் தமிழில்தான் அமைந்துள்ளது. ஒவ்வொரு வழக்கிற்கும் உரிய இடத்தை அறிந்து கற்பிப்பதும் மொழிக்கல்வியின் ஒரு பகுதியே.

முடிவுரை

1978இல் அல்மா-ஆத்தாவில் கூடிய உலக நாடுகள், மக்கள் தம் உடல்நலத் திட்டங்களில் தாமே பங்கேற்கும் உரிமையும் கடமையும் உடையவர் என அறிவித்தன. பங்கேற்க வேண்டுமெனில் அவர்களுக்கு விளங்கும் மொழியில் பேச்சு நடைபெறல் வேண்டும். மானிப்பாயில் கிறீன் பல ஆண்டுகள் பட்டறிவு பெற்ற பின்னரே இவ்வுண்மையை முழுமையாகச் செயற்படுத்தினார். ஈரிரு வாரமே தங்கும் நம் மாணவருக்கு அத்துணைக் காலம் இல்லை. அவர்கள் புறப்படுமுன் அதனைக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.

அம்மாணவியின் அட்டையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது பயணக்குழுக்களின் அட்டைகள் என் மேசைக்கு வரும்போது, திருத்துமுன் அவற்றை எழுதியவரிடம், “உங்கள் பாட்டி இதை எப்படிச் சொல்வார்?” என்று கேட்கிறேன். சிலருக்கு விடை தெரிகிறது. தெரியாதவரை வீட்டில் கேட்டு வரச் சொல்கிறேன்.